நாலாமிடத்துக்குப் பாயசம்

நம் நாடு விளையாட்டில் கண்ட ஒவ்வொரு தோல்விக்கும் தானே பொறுப்பு என்று நினைத்துக்கொண்ட ஒரே ஒரு மனிதனை நான் பார்த்திருக்கிறேன். அவன் அமைச்சரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. நாகர்கோவிலை ஒட்டிய ஒரு கல்லூரி விடுதியில், இரண்டாம் மாடி பதினேழாம் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்த பொருளாதார மாணவன். விடுதியில் எல்லோரும் அவனை ‘நாலு’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் புள்ளிவிவரத் துறையில் முப்பத்தோரு வருடம் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன். வீட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த விடுதிக்குத் துணை வார்டனாகப் போனேன். மாடிப்படிகள் நாற்பத்தெட்டு. கொண்டி கழன்ற ஜன்னல்கள் ஒன்பது. மாணவர்கள் எண்பத்தேழு. தினமும் மாலை ஏழு மணிக்கு மெஸ்ஸில் தலை எண்ண வேண்டும். வாசலிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வாசலுக்கு ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போடுவேன். பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழைய கட்டடம், இடிந்து விழுந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதன் மேல்பாதியில் சமையல்காரர் மைதீன் அன்றைய சாப்பாட்டை எழுதுவார். பையன்களுக்கு அவர் ‘காக்கா’, அதாவது அண்ணன். கீழ்ப்பாதியை நாலு யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டான். ‘தேசச் சிந்தனை’ என்று தலைப்புப் போட்டு தினமும் காலையில் எழுதுவான். மேலே ‘புளிசேரி, பயறு தோரன்’ என்றிருக்கும். கீழே இப்படி இருக்கும்:

‘நேற்று ஹாக்கியில் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினோம். இந்த விடுதியில் எண்பத்தேழு பேரும் கடைசி நிமிடத்தில்தான் குளிக்கிறோம். இவை இரண்டும் வேறு வேறு செய்திகள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.’

மறுநாள்: ‘வில்வித்தையில் காற்று ஏமாற்றிவிட்டதாம். காற்றாலைகள் சுற்றுகிற ஆரல்வாய்மொழியில் துணி காயப்போடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் காற்றைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்.’

அதற்கு மறுநாள்: ‘இறகுப்பந்தில் அரையிறுதி வரை பிரமாதமாக ஆடினோம். நானும் பாதி செமஸ்டர் வரை பிரமாதமாகப் படிக்கிறேன்.’

எழுதுவதோடு நின்றிருந்தால் எனக்குக் கவலை இல்லை. தொடர் ஓட்டத்தில் நம்மவர்கள் கைமாற்றும்போது குச்சியைக் கீழே போட்ட செய்தி வந்தது. மெஸ்ஸில் பரிமாறுகிற முறை அன்று அவனுடைய அறைக்கு. ரச வாளியை வரிசைக்கு ஓர் ஆளாக, ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கைமாற்ற வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டான். முதல் இரண்டு கைமாற்றமும் பிசகில்லாமல் நடந்தன. மூன்றாவதில் வாளி கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில் வெள்ளை டிராக்சூட்டில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

மைதீன் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். “ஏலே நாலு, எனக்க ரசம் எங்கலே ஓடுது?”

“காக்கா, அங்க குச்சி விழுந்தா நாட்டுக்கே போச்சு. இங்க விழுந்தா ரசம் மட்டும்தான் போச்சு. எங்க வச்சுப் பழகணும்னு நீங்களே பறையுங்க.”

“உனக்க தேசபக்தியை நீயே வச்சுக்க. வாளியைத் தா.”

மாஸ்டர் கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஏழு இலை.

அவருக்கு நாலுவின் மேல் கோபம் வராததற்குக் காரணம் இருந்தது. நாலு விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதியில் இடம் வாங்கியவன். அவனுடைய விளையாட்டு வேகநடை. பார்ப்பதற்கு ஓட்டம் மாதிரி இருக்கும், ஆனால் ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி மடங்கக் கூடாது. தவறினால் நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று அட்டை வந்தால் வெளியே. இந்த விதிகளோடு வேகமாக நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடும். நாலு மைதானத்தில் மட்டும் அப்படி நடக்கவில்லை. மெஸ்ஸுக்கு, நூலகத்துக்கு, தேர்வு அறைக்கு, எல்லா இடத்துக்கும் அப்படித்தான் போனான்.

காலையில் இராஜாக்கமங்கலம் சாலையில் பயிற்சி. முதல் நாள், வழியிலிருந்த டீக்கடைக்காரர் அவன் வருகிற வேகத்தையும் இடுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துக் கத்தினாராம்.

“பின்னால இருக்கு மக்கா! கதவு தொறந்துதான் கிடக்கு, ஓடு!”

“அதில்ல அண்ணே, இது விளையாட்டு!”

“விளையாடுக நேரமாலே இது? ஓடு!”

“ஓடக் கூடாது அண்ணே! ஓடினா அவுட்டு!”

“ஓடலேண்ணாத்தான் மக்கா அவுட்டு!”

பேருந்துக்காரர்களும் இதே மாதிரிதான். நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, “ஏறு மக்கா, வயிறு சரியில்லியா?” என்று கேட்பார்கள். ஒரு மாதத்தில் பதினொரு முறை நிறுத்தியிருக்கிறார்கள். அவனே வந்து சொல்லுவான், நான் குறித்துக்கொள்வேன்.

‘நாலு’ என்ற பெயர் வந்த வழியும் இதுதான். பல்கலைக்கழகப் போட்டியில் முதல் வருடம் நாலாவது. இரண்டாம் வருடமும் நாலாவது. வேறொருவனாக இருந்தால் ஒளிந்துகொண்டிருப்பான். இவன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உலகப் போட்டிகளில் நாலாவதாக வந்த நம் நாட்டவர் பெயர்களை எழுத ஆரம்பித்தான். “மூணு பேருக்குப் பதக்கம் உண்டு சார். மாலை உண்டு, ஃபோட்டோ உண்டு. நாலாவது ஆளு கிட்ட யாரு பேசுகா?” என்று என்னிடம் கேட்டான். பிறகு தானே பேசத் தொடங்கினான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஃபோனில் செய்தி அனுப்புவான்.

“எத்தனை பேருக்கு அனுப்பினாய்?”

“பத்தொம்பது பேருக்கு சார்.”

“எத்தனை பதில்?”

“ஒண்ணும் வரல்ல சார். அடுத்த போட்டிக்குப் பயிற்சியில இருப்பாங்க.”

இந்த இடத்தில் எங்கள் விடுதியின் பாயச வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாடு பெரிய போட்டியில் பதக்கம் வாங்கினாலோ, விடுதிப் பையன் ஒருவன் வெளியில் பதக்கம் வாங்கினாலோ, மெஸ்ஸில் பருப்புப் பாயசம். அதைத் தட்டில் ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, பாளையங்கோட்டான் பழத்தைப் பிசைந்து சாப்பிடுவார்கள். யார் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. மெஸ் கூட்டத்தில் கைதூக்கி ஒப்புதல் வாங்கித்தான் பாயசம் ஊற்ற வேண்டும். காரணத்தை நான் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாம் வருட முடிவில் நாலு ஒரு தீர்மானம் கொண்டுவந்தான்: நாலாமிடத்துக்கும் பாயசம் வேண்டும்.

மைதீன் சமையலறை வாசலில் நின்று எதிர்த்தார். “இன்னைக்கு நாலுக்குக் கேப்பான். நாளைக்கு அஞ்சுக்குக் கேப்பான். பின்ன ஓட்டத்தப் பாக்கப் போனவனுக்கும் கேப்பான். நான் எப்பம்டே அடுப்பை அணைக்க?”

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக இரண்டு கைகள். இரண்டும் நாலுவின் கைகள். நான் ஒன்றாக எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் அறைக்கு வந்தான். எப்போதும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வருகிறவன் அன்று சாதாரணமாக நடந்து வந்ததால் எனக்குப் பயமாகிவிட்டது.

“சார், மாஸ்டர் பறஞ்சிட்டாரு. இந்தத் தடவை மூணுக்குள்ள வரணும். இல்லேண்ணா ஒதுக்கீடு போயிரும், அறையும் போயிரும்.”

“போனால் என்ன? வீட்டிலிருந்து வா.”

“வீடு குலசேகரத்துக்கு மேல சார், ரப்பர் தோட்டத்துக்குள்ள. அப்பா விடியதுக்கு முன்ன ரப்பர் பால் வெட்டப் போற நேரத்துல கிளம்பினாத்தான் முதல் கிளாஸுக்கு வர முடியும். சாயங்காலம் பஸ்ஸை விட்டா நடைதான்.”

“நீ நடக்கிறவன்தானே?”

அவன் சிரிக்கவில்லை. “அது நடை சார். இது வேகநடை. சமதரை வேணும். எங்க ஊருல ஒண்ணு ஏத்தம், இல்லேண்ணா இறக்கம். அங்க போனா இதை நான் விட்டிருவேன் சார். எனக்குத் தெரியும்.”

அவன் நாட்டைப் பற்றிப் பேசாமல் தன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து நானும் மைதானத்துக்குப் போனேன். எனக்கு வேகநடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணத் தெரியும். பத்து கிலோமீட்டர் என்பது மைதானத்தில் இருபத்தைந்து சுற்று. கால்சட்டையின் இடது பையில் இருபத்தைந்து புளியங்கொட்டை போட்டுக்கொள்வேன். அவன் ஒரு சுற்று முடித்தால் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும். மழை பெய்த இரண்டு நாள் தவிர ஒரு நாளும் தவறவில்லை.

போட்டி திருநெல்வேலியில், ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. பன்னிரண்டு பேர் நடந்தார்கள். நான் படிக்கட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் இரண்டு பேர் ஆரம்பத்திலேயே வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். மூன்றாவதாகப் பச்சை பனியன் போட்ட ஒல்லிப் பையன், வேறு கல்லூரி. அவனுக்கு அரைச் சுற்றுப் பின்னால் நாலு. இருபது சுற்றுக்குள் நாலுவுக்கு இரண்டு சிவப்பு அட்டை எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு மூச்சு விடுவதற்குக்கூடக் கவனம் தேவைப்பட்டது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். நாலுவுக்கு மணி அடித்தபோது என் இடது பையில் ஒரு கொட்டை இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். இரண்டு இருந்தது. சுற்று எழுதுகிற மேசையைப் பார்த்தேன். நாலுவுக்கு எழுதுகிறவர் பன் தின்றுகொண்டிருந்தார். எண்ணுகிறவன் எண்ணும்போது தின்னக் கூடாது. இதை நான் துறையில் முப்பத்தோரு வருடமும் சொல்லிவந்தேன்.

நாலு கோட்டைத் தாண்டினான். கொடி காட்டினார்கள். “மூன்றாவது!” என்று ஒலிபெருக்கியில் வந்தது. பச்சை பனியன் அரைச் சுற்று கழித்து வந்து, ‘நாலாவது’ என்று கேட்டதும் புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். மாஸ்டர் குதித்தார். அப்போதே மைதீனுக்கு ஃபோன் போட்டு, “மூணு! மூணு! அடுப்பைப் பத்த வையும்!” என்று கத்தினார்.

நான் படிகளில் இறங்கி வந்தேன். பதினான்கு படி. கடைசிப் புளியங்கொட்டை என் கைக்குள் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. பச்சை பனியனின் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை.

நாலு புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும், “சார், எண்ணினீங்களா?” என்றான்.

“எண்ணினேன்.”

“எல்லாம் அந்தப் பைக்குப் போயாச்சா?”

கையை விரித்தேன். அவன் அந்தக் கொட்டையைப் பார்த்தான். பிறகு வெறுங்காலோடு எழுந்து மேசைக்குப் போனான்.

“சார், எனக்கு ஒரு சுத்து பாக்கி இருக்கு.”

அங்கிருந்த போட்டி அமைப்பாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மூணாவது வந்துட்டீங்க தம்பி. போய் தண்ணி குடிங்க.”

“இல்ல சார், இருபத்தினாலுதான் நடந்தேன். எங்க துணை வார்டன் எண்ணினாரு.”

அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “புளியங்கொட்டையா ஆதாரம்?”

“சார் எண்ணினா எண்ணினதுதான். மெஸ்ஸுல இட்லியக்கூட ரெண்டு தடவை எண்ணுவாரு.”

மாஸ்டர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். “ஏலே, வாயை மூடுலே! அறை போயிரும்லே!”

“மாஸ்டர், அந்தப் பச்சை பனியன் மூணாவது வந்தவன். அவனைப் பிடிச்சு நாலாவது ஆக்கிப்போட்டோம். நாலு எனக்க இடம் மாஸ்டர். அவனுக்கு அதுல என்ன பழக்கம் உண்டு?”

அமைப்பாளர் பேனாவை மூடினார். “சுற்று குறைஞ்சா உங்களுக்கு இடமே கிடையாது, தெரியுமா? போட்டியை முடிக்கலைன்னுதான் எழுதணும்.”

“பின்ன இப்ப முடிச்சிருதேன் சார். அஞ்சாவது ஆளு இன்னும் நடந்திட்டுதானே இருக்காரு?”

உண்மைதான். ஐந்தாவது ஆளுக்கு இன்னும் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாக்கி இருந்தது. தவறு தங்களுடையது என்பதால் அவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். அந்தப் பேச்சு முடிவதற்குள் எனக்கு இரண்டு தடவை தலைசுற்றியது. பிறகு அமைப்பாளர் கையைக் காட்டினார். நாலு வெறுங்காலோடு நடந்தான். முன்னால் முடித்தவர்கள் வாழைப்பழம் தின்றுகொண்டிருக்க, இவன் மறுபடியும் இடுப்பை வெட்டிக்கொண்டு போனான். பச்சை பனியனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து கோட்டருகே வந்து, “முட்டியை மடக்கிராதீங்க! மடக்கிராதீங்க!” என்று கத்திக்கொண்டே நின்றான். ஐந்தாவது ஆளை முந்தி நாலு கோட்டைத் தாண்டினான். பன்னிரண்டு அடி வித்தியாசம்.

நான் கடைசிக் கொட்டையை வலது பையில் போட்டேன்.

விடுதிக்கு வந்து இறங்கியபோது பாயச வாசனை வாசல்வரை வந்தது. மாஸ்டர் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். எண்பத்தாறு பேரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மெஸ் செயலாளராக இருந்த பையன் தயங்கித் தயங்கி, “விதிப்படி மூணு வரைக்கும்தான் காக்கா…” என்றான்.

மைதீன் கரண்டியை ஓங்கினார். “விதியை உனக்க பையில போட்டுக்க. இறக்கின பாயசத்தைத் திரும்பப் பருப்பாக்கி டப்பாவில போட எனக்குத் தெரியாது. கையைத் தூக்குங்கலே எல்லாரும்!”

வாசலிலிருந்து எண்ணினேன். உள்ளேயிருந்து எண்ணினேன். எண்பத்தாறு கைகள். நாலு மட்டும் கை தூக்கவில்லை. தலையைக் குனிந்து பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘நான்காம் இடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒதுக்கீடு விஷயமாக நான் கல்லூரிக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் அறையைக் காலி செய்தான். ஒரு பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம், கழுத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட ஷூ. பெட்டியைத் தூக்கிக்கொண்டும் அதே நடைதான். அவன் நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு பேருந்து தானாக நின்றது. நடத்துநர் இறங்கி, “வயிறு சரியில்லியா மக்கா?” என்று கேட்பது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. இந்தத் தடவை அவன் ஏறிக்கொண்டான்.

பலகையில் அன்று காலை எழுதியிருந்தான்: ‘தேசச் சிந்தனை: இருபத்தைந்து சுற்றும் நடந்து முடித்தேன்.’ மைதீன் மேல்பாதியை மட்டும் அழித்து அழித்து எழுதினார். கீழ்ப்பாதியை இருபத்தாறு நாள் யாரும் தொடவில்லை.

அவன் பேருந்திலேயே வந்து படிப்பை முடித்தான். இப்போது அவன் ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியன். ரப்பர் தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் முப்பது பிள்ளைகள் அவன் பின்னால் இடுப்பை ஆட்டிக்கொண்டு போகிறார்களாம். “ஏத்தத்துலயும் நடக்கலாம் சார். இப்பம்தான் தெரிஞ்சுது” என்றான். உலகத்தில் எங்காவது நம்மவர் ஒருவர் நாலாவது வந்தால் எனக்கு ஃபோன் வரும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. “சார், நாலு!” அவ்வளவுதான். எனக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்கு மட்டும் வீட்டில் நாலு ஸ்பூன் பாயசத்துக்கு அனுமதி உண்டு.

அவன் காலி செய்துபோன வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, வழக்கம்போல மெஸ்ஸில் தலை எண்ணினேன். வாசலிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனேன். எண்பத்தாறு வர வேண்டும். நாலு உட்காரும் இடம் காலியாக இருந்தது. எண்பத்தேழு வந்தது.

திரும்ப எண்ணவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.